பத்து மணிக்குத் திறந்த பால்வாடி

பால்வாடி டீச்சராக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு முன்னால் அங்கே இருந்த டீச்சர் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்து, "மொத்தம் முப்பத்தெட்டுப் பேரு. இருபது வரும். மிச்சத்துக்கும் சேத்து டிக் போட்டுருங்க" என்றார். அடுப்பில் விறகை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் அவர் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருகிற கோபம் பெரிது.

எழுபதுகள் முடிகிற நேரம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆனையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வயலுக்கு நடுவே ஒன்றிரண்டாக மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. என் இரண்டு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் மதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மேலூர் பஸ் பிடித்து, பாதி வழியில் இறங்கி, இரண்டு மைல் நடந்தால் வேலை பார்க்கிற ஊர். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

பால்வாடி ஊருக்கு நடுவில் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவருடைய அரவை மில்லை ஒட்டி ஓர் அறை, அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த சமையல் கொட்டகை. முதல் நாளே தலைவர் நான் எந்த ஊர்ப் பெண், எந்த வீட்டில் கட்டிக்கொடுத்தது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நம்ம புள்ளையா? அப்ப என்னப் பெரியப்பான்னே கூப்புடு தாயி" என்றார். வீட்டிலிருந்து ஒரு செம்பு மோர் வந்தது. அன்றிலிருந்து பெரியப்பா என்றே கூப்பிட்டேன்.

நானும் சமையல் ஆயாவும் பத்து மணிக்குத் திறப்போம். கோதுமை ரவையில் உப்புமா கிண்டிப் போடுவோம். கைவீசம்மா பாட்டு, நிலா பாட்டு, கொஞ்சம் தூக்கம். மூன்று மணிக்குப் பூட்டிவிட்டு நான் பஸ்ஸுக்கு நடப்பேன். பத்து மணி என்பது யார் வைத்த நேரம் என்று அப்போது நான் கேட்டதில்லை. என் பஸ்ஸுக்கு அது தோதாக இருந்தது.

வராத பதினெட்டுப் பேரும் காலனிப் பிள்ளைகள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் முக்கால் மைலில் இருந்தது காலனி. அங்கிருந்த ஆணும் பெண்ணும் பெரும்பாலும் கல் குவாரிக்குப் போனார்கள். மாதம் ஒரு முறை எங்கள் மேற்பார்வையாளர் அம்மா வருவார். அவர் கொண்டுவரும் படிவத்தில், குழந்தைகள் ஒழுங்காக வராவிட்டால் அதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் மாதம் அதில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லைன்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க" என்றார்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக மாதாமாதம் அதையே எழுதினேன். ஒரு பக்கம் பதிவேட்டில் அந்தப் பதினெட்டுப் பேரும் தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாக டிக். இன்னொரு பக்கம் படிவத்தில் அவர்கள் அப்பன் ஆத்தாளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தெரியவில்லை என்று என் கையெழுத்து. ஒன்றோடொன்று பொருந்தாத இந்த இரண்டு பொய்களையும் ஒரே அலுவலகத்தில் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு எடை போடும் தராசு வந்தது. மேலே மாட்டித் தொங்கவிடுகிற தராசு, கீழே பிள்ளையை உட்கார வைக்க ஒரு துணித் தூளி. முப்பத்தெட்டுப் பேருக்கும் எடை போட்டு அட்டையில் குறிக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தேன். காலனிப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்டேன்.

"இவங்க எடையப் பாத்து, ரெண்டு கிலோ முன்னப்பின்ன போட்டு எழுதிருங்க."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிக் போடுவது சுலபமாக இருந்தது. ஆனால் முகமே தெரியாத ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு கிலோ என்று எழுத என் கை ஓடவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மதியம் தராசைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரை வழியாக நடந்தேன். ஆயா வரமாட்டேன் என்றுவிட்டார்.

காலனியில் யாரும் இல்லை. குவாரிக்குப் போனேன். வெள்ளை வெயில். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். லாரிகள் பின்பக்கமாக வந்து நின்று பாரம் ஏற்றிக்கொண்டு போயின. ஓர் ஓரத்தில் உடைமர நிழலில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அசையாமல் நிற்கிறார்களே என்று கிட்டே போய்ப் பார்த்தேன். மண்ணில் ஆளுக்கொரு குழி தோண்டி, மார்பளவுக்கு உள்ளே இறக்கி விட்டிருந்தார்கள். ஏழு குழி, ஏழு பிள்ளைகள். ஏறி வர முடியாத ஆழம். அழுகிற பிள்ளை அழுதது. மற்றவை கையெட்டும் தூரத்துக் கல்லை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு பெண்பிள்ளை நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் குழியின் விளிம்பில் கிடந்தது.

"யாரு இப்படிச் செஞ்சது?" என்று கத்தினேன். "புள்ளைகளா என்ன இதுக?"

தூங்கிய பிள்ளையின் தாய் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் செஞ்சேன். நீங்க யாரு?"

"பால்வாடி டீச்சர்."

"ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்தை அவள் சொன்ன விதத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. "மேய விட்டா லாரிக்கு அடியில போகுதுக. இல்லாட்டி வெடி வைக்கிற பக்கம் போகுதுக. மாடுன்னா கட்டிப் போடலாம். புள்ளைய என்ன செய்யச் சொல்லுறீக?"

"பால்வாடிக்கு அனுப்பலாம்ல? அங்க சாப்பாடு இருக்கு, பாத்துக்க ஆள் இருக்கு. இங்க கொண்டாந்து இப்படி..."

"அனுப்புனேன் டீச்சர். உங்களுக்கு முந்தி இருந்தாகளே, அவுக காலத்துல. மூணு நாளு அனுப்புனேன்." குழிக்குள்ளிருந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இவ அண்ணன. வாசப்படிக்கு வெளியில உக்காரவச்சாக. தட்டு வீட்லருந்து கொண்டாரணும்னாக. உள்ள ஒரு பொம்ம இருந்துச்சாம், அதப் பாத்து எந்திரிச்சு உள்ள போயிட்டான். மூணு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்? ஆயா கம்ப எடுத்துருச்சு. அதுலருந்து பால்வாடின்னா மூத்திரம் பேஞ்சுருவான்."

அவள் விடவில்லை.

"அதையும் விடுங்க. நீங்க எத்தன மணிக்குத் தொறக்குறீக? பத்து மணிக்கு. நாங்க ஆறு மணிக்கு இங்க நிக்கணும். நடுவுல நாலு மணி நேரம் புள்ளைய எங்க வைக்க? பத்து மணிக்கு நான் எந்திரிச்சு வந்து கொண்டாந்து விட்டா அன்னைக்கு வேல போச்சு. யாருக்குத் தொறந்து வச்சிருக்கீக அந்தப் பால்வாடிய?"

மரக்கிளையில் தராசை மாட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மகளைத்தான் முதலில் தூளியில் வைத்தோம். மூன்று வயது. முள் ஒன்பதைத் தொடவில்லை. ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் கெக்கெக்கென்று சிரித்தாள். இன்னொரு தடவை ஆட்டச் சொல்லி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து ரெண்டு கிலோ முன்னப்பின்ன எழுதியிருந்தால் அவளுக்குப் பன்னிரண்டு கிலோ என்று எழுதியிருப்பேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழிப்புணர்வு இல்லையாம். அந்தப் பெண்ணுக்கு இருந்த விழிப்புணர்வில் பாதி எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இருந்திருந்தால் போதும். அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். நேரத்தை, தூரத்தை, லாரியை, வெடியை, கம்பை. கடைசியில் அவளுக்கு மிஞ்சியது ஒரு குழிதான்.

மறு வாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் வீட்டுக்காரர். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏழேகாலுக்குக் காலனி முனையில் நிற்பேன். அதுவரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அவர்களுக்குள்ளேயே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். கண்மாய்க் கரையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டிக்கொண்டே அழைத்து வந்தேன். உள்ளே, ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவே நடுவே உட்கார வைத்தேன். பால்வாடித் தட்டிலேயே உப்புமா போட்டேன். ஆயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொம்மைக்குச் சண்டை போட்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் உப்புமாவைச் சிந்தினார்கள், மதியம் ஒரே பாயில் கால் மேல் கால் போட்டுத் தூங்கினார்கள்.

மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர்தான் வந்தார்கள். அதற்கு மறுநாள் யாரும் வரவில்லை. பதினொரு மணிவாக்கில் தலைவர் வந்து வாசலில் நின்றார்.

"என்ன தாயி, புதுசா என்னமோ செய்யுறியாம்?"

"பதிவேட்டுல பேரு இருக்கிற புள்ளைகதான் பெரியப்பா. புதுசா யாரும் இல்ல."

"பேரு இருக்கட்டும். பேரு இருக்க வேண்டாம்னு நான் சொன்னனா? அதுகளுக்கு வர வேண்டியது வரட்டும். வாங்கிட்டுப் போகச் சொல்லு. உள்ள கொண்டாந்து ஒக்கார வைக்கணும்னு என்ன இருக்கு? ஊருப் பொம்பளைக எங்கிட்ட வந்து அழுகுறாளுக."

"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். "சட்டம் சரி தாயி. இது சர்க்கார் எடம்னு நெனச்சியா? என் எடம். நீ நம்ம வீட்டுப் புள்ளங்கிறதாலதான் இம்புட்டுப் பொறுமையாப் பேசுறேன்."

"நான் உங்க வீட்டுப் புள்ள இல்லங்க தலைவரே" என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது. அவர் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கதவில் வேறு பூட்டுத் தொங்கியது.

காலனிக்குப் பக்கத்தில் ஒரு புளிய மரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன். ஆயாவிடம் போய், நீங்களாவது வாங்க என்று கெஞ்சினேன். "எனக்கு இந்த ஊர்லதான் டீச்சர் சாகணும். நாளைக்கு என்னத் தூக்கிப் போட யாரு வருவா?" என்றார். அந்த அம்மாவை அன்று மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனாலும் மில்லுக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் கோதுமை ரவையையும் எண்ணெய் டின்னையும் எடுத்துக் கொடுத்தது அவர்தான். அதை வைத்துப் பத்து நாள் ஓட்டினேன். காலனிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் வந்தார்கள். பதிவேட்டில் முதல் முறையாக அந்தப் பெயர்களுக்கு நேரே உண்மையான டிக் போட்டேன்.

பதினோராவது நாள் மேற்பார்வையாளர் அம்மா ஜீப்பில் வந்தார். மரத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒதுக்குன மையம் இது இல்லையே."

"அது பூட்டிக் கிடக்குங்க."

"ஏன் பூட்டியிருக்குன்னு விசாரிச்சேன். ஊர்ப் பெற்றோரோட ஒத்துழைப்ப நீங்க பெறலைன்னு புகார் வந்திருக்கு. அனுமதி இல்லாத இடத்துல சமைச்சிருக்கீங்க. ஏதாவது ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

"குவாரியில ஏதாவது ஆனா யாருங்க பதில் சொல்றது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றார்.

சாமான் நின்றது. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. விளக்கத்தை முடிவு செய்யும்வரை மையத்தை நடத்தக் கூடாது, தினமும் ஒன்றிய அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் திரும்பக் குவாரிக்குப் போனார்கள். பத்து நாள் ஓடியாடியவர்கள் இனிமேல் குழிக்குள் நிற்பார்களா? முரண்டு பிடித்துக் கத்தினார்களாம். தூளியில் சிரித்த பிள்ளையை அதன் தாய் குழியில் இறக்காமல் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சில்லுக் கல் ஒன்று தெறித்துப் பிள்ளையின் வலது கண்ணில் அடித்தது.

பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்குத் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. கண் இனி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடிப்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன். நகர்ந்து இடம் விட்டாள். அவள் கைகளில் இன்னும் கல்மாவு போகவில்லை.

அவள் இடம் விட்டதுதான் என்னைப் பேச வைத்தது. பதிவேட்டைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். உன் மகள் பெயருக்கு நேரே ஒரு வருஷத்துக்கும் மேல் தினமும் டிக் போட்டேன், அவள் சாப்பிட்டதாக எழுதினேன், குழியில் அவளைப் பார்க்கிற நாள்வரை அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கையில் ஒட்டியிருந்த கல்மாவைச் சேலையில் தேய்த்தாள். "அப்ப அந்த மாவும் ரவையும் எங்க போச்சு?"

"தெரியல. மில்லுல வச்சுப் பூட்டுவாங்க."

"பேரு அப்படியே இருக்கா நோட்டுல?"

"இருக்கு."

"யாரும் அடிச்சுரலையே?"

"இல்ல."

"அப்பச் சரி" என்றாள். எதற்குச் சரி என்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வாரம் விசாரணை என்று ஒன்று நடந்தது. ஓர் அதிகாரி குவாரிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலை நடக்கிற இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்தது ஏன் என்று அவளிடம் கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குமாஸ்தாவிடம், "தாயின் கவனக்குறைவு" என்று சொல்லி எழுதச் சொன்னார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காகிதத்தை என் முன்னால் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவுதான் நான் செய்த வீரம். அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் குளிக்கும்போது, சமைக்கும்போது, அதைக் கிழித்து எறிகிறேன்.

அன்று சாயங்காலம் அந்தத் தாயும் இன்னும் நாலைந்து பெண்களும் என்னை பஸ் நிறுத்தத்தில் பிடித்தார்கள்.

"நாளைக்குப் புள்ளைகள எல்லாத்தையும் ஒன்றிய ஆபீசுல கொண்டாந்து விடப் போறோம் டீச்சர். விட்டுட்டு நாங்க வேலைக்குப் போறோம்."

"வேண்டாம்மா. போலீசக் கூப்பிடுவாங்க. காலனிப் பக்கமே ஒரு மையம் வேணும்னு நான் மேல எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரட்டும்" என்று கெஞ்சினேன். என் வேலை போய்விடும் என்றுதான் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போலீஸ் என்றேன்.

"புள்ளையக் கொண்டாந்து சர்க்கார் ஆபீசுல விட்டா போலீசு என்ன செய்யும்? குழியில விட்டப்ப வந்துச்சா?" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கையெழுத்துப் போடப் போனபோது அலுவலக வராந்தா முழுக்கப் பிள்ளைகள். இருபத்திரண்டு பேர். இடுப்புப் பிள்ளையும் சேர்த்து. பியூன் ஒரு கையில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பெண்களில் அவள் ஒருத்தி மட்டும் நின்றாள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பி.டி.ஓ. ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"யாரு புள்ளைகம்மா இதுக?"

"உங்க புள்ளைகதான் சார். உங்க நோட்டுல பேரு இருக்குது. ரெண்டு வருசமா தெனம் வந்து சாப்பிட்டுட்டுப் போறதா எழுதி வச்சிருக்கீக. எடுத்து வச்சு எண்ணிப் பாத்துக்கங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கிறோம்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போயேவிட்டாள். ஒற்றைக் கண்ணில் கட்டோடு அவள் மகள் முதல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று அந்த அலுவலகத்தில் நடந்ததை நினைத்தால் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வரும். ஒரு பயல் கோப்புகளின் மேல் ஒன்றுக்குப் போனான். இன்னொருத்தி தட்டச்சு இயந்திரத்தை விடவே மாட்டேன் என்றாள். குமாஸ்தாக்கள் ஹோட்டலுக்கு ஆளனுப்பி இட்லி வாங்கினார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதியம் பி.டி.ஓ. பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி, பெயர்களைப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இந்த டிக் எல்லாம் நீங்க போட்டதா?"

"ஆமாங்க. நான் போட்டதுதான். பொய்யாப் போட்டது."

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் அம்மா தரையைப் பார்த்தார். என் மேல் நடவடிக்கை எடுத்தால் அது என்னோடும் அந்த அம்மாவோடும் நிற்காது, இன்னும் மேலே போகும் என்று பி.டி.ஓ.வுக்கு உடனே புரிந்துவிட்டது. பதிவேட்டை மூடினார். என் மெமோவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தண்டனை கிடைக்காமல் தப்பித்தேன் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. காலனிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுத் தனியாக ஒரு பால்வாடி, எனக்கு அங்கே மாறுதல். ஊருக்குள் இருக்கிற பழைய பால்வாடிக்கு வேறு டீச்சர். நான் உத்தரவைக் கொண்டுபோய்க் காலனியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியது தலைவர். மாலை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் லட்டுக் கொடுத்து, "நம்ம டீச்சரோட முயற்சி" என்று என்னைக் கைகாட்டிப் பேசினார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கம்பெடுத்து வாசலில் உட்கார வைத்ததை, இனி அரசாங்கம் தனி நம்பர் கொடுத்து, தனிக் கட்டடம் கட்டி, தானே செய்யும். நான்தான் அதற்கு எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்தவள்.

அந்தத் தாய் விழாவுக்கு வரவில்லை. சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தபோது கட்டடத்தை வெளியிலிருந்தே ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு ஒரு எடம் வேணும்னு கேட்டேன். தனி எடமா கேட்டேன்?"

"இதுவாவது கிடைச்சுதே" என்றேன்.

"கெடச்சதுதான். வேணாம்னா சொல்லுறேன்? நாளைக்கும் கொண்டாந்துதான் விடுவேன்." மகளைத் தூக்கிக்கொண்டாள். "ஆனா நீங்க அதச் சொல்லாதீக டீச்சர். நாங்க சொல்லிக்கிறோம்."

அங்கே நாலு வருஷம் இருந்தேன். ஆறு மணிக்குத் திறக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. காலனியிலிருந்தே ஆயாவாக வந்த பெண் அனுமதி இல்லாமலே ஐந்தரைக்குத் திறந்துவிடுவாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்க்கவில்லை. குவாரியில் அதற்குப் பிறகு குழி தோண்டவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் ஒன்றியத்துக்கு வந்த பெரிய அதிகாரிகளை எல்லாம் எங்கள் ஊருக்குத்தான் அழைத்து வருவார்கள். இரண்டு மையம், இரண்டிலும் முழு வருகை.

ஒரு ஜூன் மாதம் எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஊருக்குள் அழைத்துப் போனேன். பள்ளிக்கூடம் ஒன்றுதான், அது ஊருக்குள்ளேதான். பழைய பால்வாடியிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் நல்ல மாதிரி. பெயர்களை எழுதிக்கொண்டே, "இந்த வருசம் ஒரு தொந்தரவும் இல்லங்க. முந்தி ஒண்ணாம் வகுப்புல யாரு எங்க உக்கார்றதுன்னு ஒரு மாசம் சண்ட பிடிக்கணும். இப்ப அதுகளாவே பிரிஞ்சு உக்காந்துக்கிருதுக" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் ஊர்ப் பிள்ளைகள். சுவர்ப் பக்கம் எங்கள் பிள்ளைகள். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடம். யாரும் கம்பெடுக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. முன்பு ஒரே பாயில் தூங்கினார்களே, ஒருத்தியைத் தவிர அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அன்றுதான் பார்க்கிறார்கள்.

உள்ளே போனேன். கண் போன பெண்ணுக்கு அப்போது ஆறு நடந்துகொண்டிருந்தது. உடம்பு தேறவில்லை என்று ஒரு வருஷம் பிந்திச் சேர்த்தோம். கையைப் பிடித்து எழுப்பி, "இவளுக்குப் போர்டு தெரியணும்" என்று சொல்லி முன்வரிசையில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பாவாடையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏன் கண்ணு தள்ளி உக்காருற?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அழப் போகிறவள் போல என்னைப் பார்த்தாள்.

அன்று நான் வகுப்பு முடியும்வரை அங்கேயே, அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்திருந்தேன். தலைமை ஆசிரியர் இரண்டு தடவை வந்து நாற்காலி கொடுத்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.